முதல் மலை முகாம்: பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பத்திரமாக வீடு சேர்ப்பது வரை

திருப்பத்தூர், வேலூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளை ஆண்டுக்குச் சில முறை மலைக்கு அழைத்துப் போகும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. இரண்டு பகல், ஓர் இரவு. நடக்கிறோம், சமைக்கிறோம், உட்கார்ந்து பேசுகிறோம். வீட்டிலும் வகுப்பிலும் வாய் திறக்காத பிள்ளை பத்துப் பேருக்கு வழிகாட்டி முன்னே நடப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இதே வேலையைப் புதிதாகத் தொடங்கும் குழுக்களோடு கூடவே போயிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். முதலில் மலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்புறம் வண்டி பேசுகிறார்கள், பனியன் அச்சடிக்கிறார்கள். பிள்ளைகளையும் பெற்றோரையும் கடைசி வாரத்தில் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாகத் திருப்பியது. முதல் முகாமுக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

1. எதற்காகப் போகிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"தன்னம்பிக்கை வளர்ப்பது" என்று எழுதினால் போதாது. முகாம் முடிந்த பின் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். "உதவி வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேட்பார்கள்" என்பது எங்கள் முதல் முகாமின் வரி.

இந்த வரி இருந்தால் மற்ற முடிவுகள் தாமாக வரும். உதவி கேட்கப் பழக வேண்டும் என்றால் ஒருவரால் தனியாகச் செய்ய முடியாத வேலை முகாமில் இருக்க வேண்டும். அதற்கு உயரமான சிகரமோ கயிறு கட்டி இறங்கும் பாறையோ தேவையில்லை. பன்னிரண்டு பேருக்குச் சோறாக்குவதே போதும்.

2. பன்னிரண்டு பேர், அதற்கு மேல் வேண்டாம்

"ஒரு வகுப்பையே கூட்டிப்போங்கள் சார்" என்று பள்ளியில் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் பேச முக்கால் மணி நேரம் போதும். நாற்பது பேர் வந்தால் அது சுற்றுலாவாகிவிடும், அமைதியான பிள்ளை அதில் ஒளிந்துகொள்ளும்.

தேர்வை முழுவதுமாக ஆசிரியரிடம் விட்டால் நன்றாகப் படிப்பவர்களையும் சொன்ன பேச்சைக் கேட்பவர்களையுமே அனுப்புவார். அது பரிசுப் பயணம் மாதிரி ஆகிவிடும். நாங்கள் கேட்பது இப்படி: "நான்கு பேரை நீங்கள் சொல்லுங்கள். நான்கு பேர் தாங்களே பெயர் கொடுக்கட்டும். மீதி நான்கு, இந்த ஆண்டு அடிக்கடி லீவு எடுத்தவர்கள்." இந்தக் கலவையில்தான் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது நடக்கிறது. அதோடு, தெரிந்த முகம் ஒன்றாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கட்டும். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே தனியாக வரும் பிள்ளைக்கு முதல் நாள் முழுவதும் பயத்திலேயே போய்விடும்.

3. பெரியவர்களைத் தயார் செய்வது

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு நான்கு பெரியவர்கள். பெண் பிள்ளைகள் வந்தால் அதில் இரண்டு பேர் பெண்கள். ஒருவர் போதும் என்று நினைக்காதீர்கள். அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனால் இரவில் பிள்ளைகளோடு யார் இருப்பது?

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மற்றவர் கண்ணுக்கு மறைவாகத் தனியே இருக்கக் கூடாது என்பது முதல் விதி. கழிப்பறைக்குத் துணை போனாலும், காய்ச்சல் பார்த்தாலும், அழும் பிள்ளையைத் தேற்றினாலும் இன்னொருவர் பார்வையில் நடக்க வேண்டும். இது பிள்ளைகளையும் காக்கும், தன்னார்வலரையும் காக்கும். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தாலோ நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். முகாமில் பிள்ளைகள் மனம் திறந்து பேசுவார்கள். அப்போது இப்படி ஒன்று காதில் விழலாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எந்தத் தன்னார்வலரும் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

இரண்டு பேராவது முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் பயிற்சி தருகின்றன. காணொளி பார்த்துக் கற்றது மலையில் கை நடுங்கும்போது நினைவுக்கு வராது.

அடுத்தது வேலைப் பிரிவு. ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில், ஒருவர் மருந்துப் பையோடு நடுவில். நான்காவது ஆள் கீழே, போனும் வண்டியும் கையில் வைத்துக்கொண்டு தங்குமிடத்திலேயே இருக்க வேண்டும். புதுக் குழுக்கள் இந்த நான்காவது ஆளைத்தான் விட்டுவிடுகின்றன, எல்லோருக்கும் மலையேற ஆசை. மேலே சிக்னல் இல்லாமல் போகும்போது "மூன்று மணிக்குள் வரவில்லையே" என்று கவலைப்பட ஒருவர் கீழே இருக்க வேண்டும்.

பழக்க வேண்டியதில் மிகவும் கடினமானது, பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. பிள்ளை அடுப்புப் பற்றவைக்கத் தடுமாறினால் ஓடிப்போய் வாங்கிச் செய்துவிடுவார்கள். ஒரு முகாமில் நல்ல மனம் கொண்ட ஒரு தன்னார்வலர் இரண்டு நாளும் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்தார். பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. ஆனால் எங்கள் ஒற்றை வரி நடக்கவே இல்லை. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் உடனே தலையிடுங்கள். மற்றதற்கு ஐந்து நிமிடம் பொறுங்கள்.

4. காலமும் இடமும்

இப்போதுதான் மலை. முதல் முகாமுக்கு டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் காய்ந்திருக்காது, அரையாண்டு விடுமுறையோ பொங்கல் விடுமுறையோ கைகொடுக்கும். பிப்ரவரி நடுவிலிருந்து காடு காய்ந்துவிடும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தது இந்தப் பருவத்தில்தான். காய்ந்த புல்லில் பரவும் தீ, மேட்டில் மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். கோடை விடுமுறைதான் வசதி என்று பள்ளி சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பக்கத்துக்கு ஏலகிரி பொருத்தம். ஜோலார்பேட்டை ரயில் நிலையம் பக்கம், மேலே ஊரும் கடையும் உண்டு, அங்கேயே இருக்கும் சுவாமிமலை உச்சிக்கு ஒரே நாளில் ஏறி இறங்கலாம். உங்கள் ஊருக்கு ஏற்காடோ சிறுமலையோ அருகில் இருக்கலாம். பார்க்க வேண்டியது மூன்று: இரவு தங்கச் சுவரும் கதவும் உள்ள இடம், நடைபாதையிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வண்டி வரும் சாலை, இடையில் தண்ணீர். காட்டுக்குள் கூடாரம் அடித்து இரவு தங்கும் ஆசையை முதல் முகாமில் விட்டுவிடுங்கள். பகலில் நடந்துவிட்டு ஊருக்குள் ஒரு கூடத்தில் படுப்பதில் பிள்ளைகளுக்குக் குறை எதுவும் இல்லை.

பாதையை நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள், முகாம் நடக்கும் அதே மாதத்தில், அதே நேரத்தில். நேரத்துக்கு மலையேறிகள் வைத்திருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 6 கிலோமீட்டர் நடை, 300 மீட்டர் ஏற்றம் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். பழகாத பிள்ளைகளோடு போகும்போது அதை இரண்டால் பெருக்குங்கள். அப்படிப் பெருக்கி வந்த மூன்றரை மணி நேரம்தான் எங்களுக்குப் பெரும்பாலும் சரியாக இருந்திருக்கிறது.

அப்புறம், எந்த மணிக்குத் திரும்புவது என்பதை ஊரிலேயே முடிவு செய்து எழுதிவிடுங்கள். எங்களுக்குப் பகல் 12. உச்சி இன்னும் நூறடி என்றாலும் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

5. அனுமதி

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் காலே வைக்கக் கூடாது. "உள்ளூர்க்காரர் ஒருவர் தெரியும், கூட்டிப்போவார்" என்பது அனுமதி ஆகாது. குரங்கணிக்குப் பிறகு 2018-இலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

எளிய வழி, 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம். 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள், இணையத்தில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். முதல் முறை எளிது என்று இருப்பதையே எடுங்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் தேவை. பட்டியலில் இல்லாத பாதை என்றால் மாவட்ட வன அலுவலருக்கு ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். பெயர்ப் பட்டியல், வயது, வழி, நேரம், பொறுப்பாளர் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். அதன் நகலைத் தலைமை ஆசிரியருக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.

6. வீட்டுக்குப் போங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. ஒப்புதல் படிவத்தைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பினால் கையெழுத்தோடு திரும்பி வரும். யார் போட்ட கையெழுத்து என்று உங்களுக்குத் தெரியாது.

பன்னிரண்டு வீட்டுக்கும் நேரில் போங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் போனால் ஷூ கம்பெனி வேலைக்குப் போன அம்மாக்களும் வந்திருப்பார்கள். பெண் பிள்ளை வீட்டுக்கு ஒரு பெண் தன்னார்வலர் கட்டாயம் போக வேண்டும். முதல் கேள்வி "ராத்திரி எங்கே படுக்க வைப்பீங்க?" என்பதாகத்தான் இருக்கும். கூடத்தின் படத்தைக் காட்டுங்கள், கூடப் படுக்கப்போகும் அக்கா இவர்தான் என்று அறிமுகம் செய்யுங்கள், இரவு எட்டு மணிக்குப் பிள்ளையே போனில் பேசும் என்று சொல்லுங்கள். சொன்னபடி அன்று எட்டு மணிக்குப் பேச வைத்தும் விடுங்கள். ஒரு முகாமில் அரை மணி நேரம் தாமதமானதற்கு ஒரு தாத்தா பேருந்து ஏறி மலைக்கே வந்துவிட்டார். அவர் செய்தது சரி, வாக்குத் தவறியவர்கள் நாங்கள்.

ஆபத்தே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கால் சுளுக்கலாம், தேனீ கொட்டலாம், பாம்பு இருக்கும் இடம்தான். இப்படி நடந்தால் நாங்கள் இதைச் செய்வோம் என்று சொல்லுங்கள். உண்மையைக் கேட்ட பெற்றோர் பிள்ளையை மறுப்பது குறைவு என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

உடல்நிலையும் வீட்டில்தான் தெரியவரும். ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தூக்கத்தில் சிறுநீர் போவது, மாதவிடாய் நாள்கள். இதையெல்லாம் படிவத்தில் எழுத மாட்டார்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசினால் சொல்வார்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை விட்டுவிட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இன்ஹேலர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பிள்ளையிடம், ஒன்று மருந்துப் பையில்.

7. பொருள்கள்

பிள்ளைகள் எதையும் புதிதாக வாங்கக் கூடாது. பள்ளிப் பை, பழகிய கான்வாஸ் ஷூ, முழுக்கை சட்டை, ஒரு போர்வை, தொப்பி அல்லது துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்கள், தட்டு, டம்ளர். ஷூ இல்லாத பிள்ளைக்கு நீங்கள் வாங்கித் தருவதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே கொடுத்துப் போட்டு நடக்கச் சொல்லுங்கள். புது ஷூவோடு வந்த ஒரு பையனுக்கு முதல் இரண்டு கிலோமீட்டரில் இரு குதிகாலிலும் கொப்புளம் வந்துவிட்டது. மீதி வழி முழுக்க அவன் வலியைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். சமவெளிப் பிள்ளைகள் ஸ்வெட்டர் வைத்திருக்க மாட்டார்கள். பத்துப் போர்வை கூடுதலாக நீங்களே கொண்டுபோங்கள். குளிரில் தூங்காத பிள்ளை மறுநாள் தடுக்கி விழும்.

குழுவுக்கு: ஆளுக்கு ஒரு விசில், டார்ச் நான்கு, 10 மீட்டர் கயிறு, தார்ப்பாய் ஒன்று, மருந்துப் பை. மருந்துப் பையில் ஓஆர்எஸ், பிளாஸ்டர், க்ரேப் பேண்டேஜ், கிருமிநாசினி, நாப்கின் நிறைய. வாசனைத் திரவியம் வேண்டாம், தேனீயை இழுக்கும்.

8. பயிற்சி நாள்

முகாமுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிறு, ஊருக்குப் பக்கத்திலேயே எட்டுக் கிலோமீட்டர் நடை. ஏரிக்கரை போதும். பையோடு, அதே ஷூவோடு, அதே பெரியவர்களோடு. யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் தண்ணீரை முதல் அரை மணியில் தீர்த்துவிடுகிறார், யார் யாரைக் கிண்டல் செய்கிறார் என்பதெல்லாம் வீட்டுக்குத் திரும்பும் தூரத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும். அன்று வராத பிள்ளையை முகாமுக்கு அழைத்துப் போகாதீர்கள். சொல்லும்போது மனம் கஷ்டப்படும்தான், ஆனாலும் சொல்லுங்கள்.

9. முதல் நாள்

ஏலகிரிச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர். காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள். வாந்தி வரும் பிள்ளைகளை முன் இருக்கையில் உட்கார வைத்து ஒவ்வொரு வளைவின் பெயரையும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தலை குனிந்து போன் பார்த்தால்தான் குமட்டும், வெளியே பார்த்தால் குறையும்.

இறங்கியதும் விதிகளை நீங்கள் வாசிக்காதீர்கள். "இந்த இரண்டு நாள் இங்கே எப்படி இருந்தால் உனக்கு நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்களே சார்ட்டில் எழுதட்டும். "பட்டப்பெயர் சொல்லக் கூடாது" என்பது ஒவ்வொரு முறையும் வரும். தாங்களே எழுதியதை அவர்கள் மீறுவது குறைவு. மூன்றை மட்டும் நீங்கள் சேருங்கள்: தனியாகப் போகக் கூடாது, விசில் மூன்று முறை கேட்டால் இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும், பயமாக இருந்தால் மறுக்கலாம்.

இரவுச் சமையல் அவர்களுடையது. அரிசி, பருப்பு, காய், பணக்கணக்கு எல்லாவற்றையும் மதியமே ஒப்படைத்துவிடுங்கள். சாம்பார் அடிப்பிடிக்கலாம், சோறு குழையலாம். ஓட்டலில் வாங்கி வந்து மாற்றாதீர்கள். அடுப்பருகே ஒரு பெரியவர் நிற்கட்டும், தீக்காயத்தைத் தடுக்க மட்டும்.

10. நடை

காலை ஏழரைக்குக் கிளம்புங்கள். வரிசையில் மெதுவாக நடப்பவர் முன்னால் இருந்து இரண்டாவதாக வரட்டும். அவரைக் கடைசியில் விட்டால், முன்னே போனவர்கள் காத்திருந்து ஓய்வெடுப்பார்கள், இவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஓய்வே கிடைக்காத ஒரே ஆள் களைத்தவராக இருப்பார். புதிதாக வரும் குழுக்கள் எல்லாமே இந்தத் தவறைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

அரை மணிக்கு ஒரு தலைவர். வழிகாட்டியின் பக்கத்தில் நடப்பது, எங்கே நிற்பது என்று சொல்வது, தண்ணீர் குடிக்க வைப்பது, பன்னிரண்டு பேரை எண்ணுவது அவர் பொறுப்பு. முகாமில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது. வகுப்பில் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளை திரும்பி நின்று "எல்லாரும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்கும்.

பாறையில் ஏறத் தயங்கும் பிள்ளையைக் கைதட்டித் தள்ளாதீர்கள். எவ்வளவு தூரம் போவது என்பதை அவரே சொல்லட்டும். "மூணாவது கல் வரைக்கும்" என்றால் அதுவே அவருடைய உச்சி. கூட்டத்தின் கூச்சலுக்குப் பயந்து ஏறியவர் நினைவில் மிஞ்சுவது பயம் மட்டும்தான்.

குதிகாலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓஆர்எஸ் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் சுமந்து இறக்குங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனை எது என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டு வைத்திருக்க வேண்டும். கீழே இருக்கும் நான்காவது ஆள் 108-க்குச் சொல்வார். தேனீ கிளம்பினால் கையை வீசாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தைவிட்டு விலகி ஓட வேண்டும்.

இறங்கும் வழியில், பாதுகாப்பான ஒரு சரிவில், ஆளுக்குப் பத்தடி இடைவெளி விட்டுப் பதினைந்து நிமிடம் பேசாமல் தனியே உட்கார வையுங்கள். அவுட்வர்டு பவுண்டு போன்ற சாகசப் பயிற்சி அமைப்புகள் இதை மணிக்கணக்கில் செய்ய வைக்கும். நமக்குப் பதினைந்து நிமிடம் போதும், பெரியவர்கள் பார்வையில். ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேரோடு வளரும் பிள்ளைக்கு இப்படி ஒரு பதினைந்து நிமிடம் அதற்கு முன் கிடைத்தே இருக்காது.

11. வட்டம்

மாலை கிளம்பும் முன் ஒரு மணி நேரம் வட்டமாக உட்காருங்கள். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். உச்சியை வேண்டுமானால் வெட்டுங்கள், வட்டத்தை வெட்டாதீர்கள். நடந்ததைச் சொல்லிப் பார்த்தால்தான் அது அவர்களுடையதாகும்.

கேள்விகள் இந்த வரிசையில் வரட்டும். முதலில் "என்ன நடந்தது?" எளிது, எல்லோரும் பதில் சொல்வார்கள். அடுத்து "அப்போ உனக்கு எப்படி இருந்தது?" கடைசியில் "வீட்டிலோ பள்ளியிலோ இதே மாதிரி எப்போ நடக்கும்?" மூன்றாவதை முதலில் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தருவார்கள். "தன்னம்பிக்கை வந்தது சார்" என்பார்கள்.

கேட்டதும் மௌனம் வரும். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பெரும்பாலும் பதினைந்தில் யாராவது பேசுவார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் தன்னார்வலர் அறிவுரை சொல்லத் தொடங்கினால் வட்டம் அங்கேயே முடிந்தது. பேச விரும்பாதவர் "பாஸ்" என்று சொல்லலாம்.

ஒரு பெண் அடிப்பிடித்த சாம்பாரைப் பற்றிச் சொன்னாள்: "தீயைக் குறைக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுது அண்ணா, ஆனா சொல்லல. கணக்கு வகுப்புலயும் தப்பு தெரியும், சொல்ல மாட்டேன்." எட்டு வாரம் செய்த வேலைக்கு எனக்கு அது போதும்.

12. வீடு சேர்த்த பிறகு

ஒவ்வொரு பிள்ளையையும் பெற்றோர் கையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். தெருமுனையில் இறக்கிவிடாதீர்கள்.

அன்றிரவே, தூங்கும் முன், நான்கு பெரியவர்களும் சேர்ந்து நோட்டில் எழுதுங்கள்: எந்த இடத்தில் யார் சறுக்கினார், எப்போது எண்ணிக்கை தவறியது, எந்த மருந்து தீர்ந்தது. அடிபடாமல் தப்பித்ததையும் எழுதுங்கள். அடுத்த முறை அடிபடப்போவது பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

மூன்றாவது வாரம் பள்ளிக்குப் போய்ப் பன்னிரண்டு பேரையும் அரை மணி நேரம் சந்தியுங்கள். புகைப்படங்களை அப்போது கொடுங்கள், அதைச் சாக்கிட்டுப் பேச்சு வரும். உங்கள் ஒற்றை வரி நடக்கிறதா என்று ஆசிரியரிடமும் தனியாகக் கேளுங்கள். அப்புறம் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அடுத்த முகாமின் பயிற்சி நாளுக்கு உதவியாளர்களாக வரச் சொல்லுங்கள். தேதியைச் சொல்லி, வீட்டிலும் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.